ஒன்பது தண்டுள்ள லிப்ஸ்டிக் பனையைச் செம்பவாங்கிலிருந்து பிடோக்கிற்குப் பெயர்த்து நட முடியுமா?

பிடோக்வாசி | அக்டோபர் 4

தோட்டக்கலையில் அனுபவமுள்ள அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள எங்கள் தந்தையாரின் தரைவீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர் அதை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார். ஜனவரி இறுதியில் சாவியை ஒப்படைக்க வேண்டும். அந்த வீட்டின் பக்கவாட்டில், துணி துவைக்கும் இடத்திலிருந்து நீர் வழிந்தோடும் கால்வாய் ஓரமாக, அப்பா 1989-இல் ஒரு பால் தகரத்தில் வாங்கிவந்து நட்ட லிப்ஸ்டிக் பனை நிற்கிறது. மலாய் அண்டைவீட்டார் அதைப் பினாங் ராஜா என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சிவப்புப் பாக்குமரம் என்றே பெயர். இன்று அது ஒன்பது தண்டுகளும் ஏராளமான பக்கக்கன்றுகளும் கொண்ட பெரிய தூராக இருக்கிறது. உயரமான தண்டு ஏறத்தாழ ஐந்து மீட்டர் இருக்கும். தூரின் அடியை அளந்து பார்த்தேன்; குறுக்களவு 70 சென்டிமீட்டர்.

அதைப் பிடோக்கில் உள்ள என் வீட்டிற்குக் கொண்டுவர விரும்புகிறேன். மூலைவீடு என்பதால் பக்கவாட்டில் மூன்று மீட்டர் அகலத்தில் தோட்டம் இருக்கிறது. அங்கே முன்பு மீன் வளர்த்த, சிமெண்டு பூசிய சிறு குளம் ஒன்று பயன்படாமல் கிடக்கிறது. இந்தப் பனை தண்ணீரை விரும்பும் மரம் என்பதால், அந்தக் குளத்தையே மண்ணால் நிரப்பி, அதற்குள் நட்டுவிட்டால் எப்போதும் ஈரமாக இருக்குமே என்று எண்ணுகிறேன்.

தோட்ட வேலை ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். தூரை இரண்டாகப் பிளந்தால் பாரந்தூக்கி இல்லாமலே ஆட்களை வைத்துத் தூக்கிவிடலாம் என்றும், எல்லா மட்டைகளையும் கழித்துவிட வேண்டும் என்றும், காற்றில் சாயாமல் இருக்கப் பழைய மட்டத்தைவிட ஓரடி ஆழமாக நட வேண்டும் என்றும் சொன்னார். அவர் உறுதியாகத்தான் பேசினார்; ஆனால் முப்பத்தைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தைப் பிளப்பது என்ற சொல்லையே என் மனம் ஏற்கவில்லை. இந்த மூன்று யோசனைகளும் சரிதானா? குளத்தில் நடலாமா? எந்த மாதத்தில் பெயர்ப்பது நல்லது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

மண்வெட்டி | அக்டோபர் 4

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் பெயர்த்து நடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்ட மூன்று யோசனைகளையும் ஏற்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்; காரணம் தெரிந்தால்தான் வேலை நடக்கும் நாளில் பக்கத்தில் நின்று நீங்களே மேற்பார்வை செய்ய முடியும்.

மாமரத்தின் வேர் ஆண்டுக்காண்டு பருத்துக் கிளைவிடும். பனை இனத்தின் வேர் அப்படியன்று. அது தண்டின் அடியிலிருந்து புறப்படும்போதே தன் முழுப் பருமனோடு புறப்பட்டு, நீளத்தில் மட்டுமே வளர்கிறது. வெட்டுப்பட்ட வேர் என்ன ஆகும் என்பது இனத்திற்கு இனம் மாறுபடும். தென்னையின் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறத்தாழ பாதி, எவ்வளவு நீளம் விட்டு வெட்டினாலும், கிளைவிட்டுத் தொடர்ந்து வளரும். அதனால்தான் ஊரில் பெரிய தென்னையைக்கூடத் துணிந்து பெயர்க்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளரும் சேபல் பனைக்கோ வெட்டுப்பட்ட வேர் அநேகமாக ஒன்றுகூடப் பிழைப்பதில்லை. அடித்தண்டிலிருந்து முழுவதும் புதிய வேர் விட்டால்தான் அது உயிர்வாழும். அரசப் பனை போன்றவற்றில், எவ்வளவு நீளம் வேரை விட்டுவைக்கிறோமோ அவ்வளவு வேர்கள் பிழைக்கின்றன. லிப்ஸ்டிக் பனையைப் பொறுத்தவரை என் கைப்பட்ட அனுபவத்தில் அது தென்னையைப்போல் தாராளமான மரம் அன்று. எனவே வேரை நீளமாக விட்டு, தாய்மண் (வேரைச் சுற்றிப் பிடித்திருக்கும் மண் கட்டி) உதிராமல், ஒரே தூராகப் பெயர்ப்பதுதான் அதற்குச் செய்யும் நியாயம்.

ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஒற்றைத் தண்டுப் பனைக்குத் தண்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் போதும் என்பது எங்கள் தொழிலில் நிலைத்த கணக்கு. தூர் கட்டி வளரும் பனைக்கு அது போதாது. உங்கள் தூருக்கு நான்கு பக்கமும் 45 சென்டிமீட்டர் விட்டால் தாய்மண் கட்டியின் குறுக்களவு 160 சென்டிமீட்டர் ஆகிறது. ஆழம் 60 சென்டிமீட்டர் என்று கொண்டால் 1.2 கன மீட்டர் மண். ஈரமான களிமண் கன மீட்டருக்கு 1.8 டன் அளவில் இருக்கும் என்பதால், மண் மட்டுமே இரண்டு டன்னைத் தாண்டும்; மரத்தின் எடை தனி. ஆட்களை வைத்துத் தூக்கும் சுமையன்று இது. பாரந்தூக்கி பொருத்திய லாரி வேண்டும். லாரியின் கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவுக்கு அதன் தூக்கும் திறன் குறையும் என்பதால், லாரி நிற்கும் இடத்திற்கும் குழிக்கும் உள்ள தூரத்தை இரண்டு வீட்டிலும் நாடாவால் அளந்து, அந்த எண்ணைச் சொல்லி வண்டியை அமர்த்துங்கள். தூக்கும்போது வார்ப்பட்டையைத் தாய்மண்ணுக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் தூரின் உள்ளே தண்டுகள் இணையும் இடம் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

மட்டைகளைப் பற்றி: வேர் பாதியாகும்போது, மரம் இழக்கும் நீரைக் குறைக்க மட்டைகளைக் குறைக்கத்தான் வேண்டும். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கழிக்கலாம். முழுவதும் கழிப்பது, வெட்டிய வேர் எதுவுமே பிழைக்காத சேபல் பனைக்குப் பொருந்தும் முறை. உங்கள் பனையில் ஒவ்வொரு தண்டிலும் குருத்தும், அதைச் சுற்றி மூன்று மட்டையும் இருக்கட்டும். அந்த மட்டைகளைக் குருத்தோடு சேர்த்துச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பனைக்கு ஒரு தண்டுக்கு ஒரே வளர்முனைதான். லாரியில் வரும் வழியில் குருத்து முறிந்தால் அந்தத் தண்டோடு கதை முடிந்தது.

ஆழத்தைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். ஓரடி ஆழமாக நட்டால் மரம் சாயாது என்பது உண்மைதான். ஆனால் அது நின்றபடியே நலியும். புது வேர் விடும் அடித்தண்டு, காற்றோட்டம் குறைந்த மண்ணுக்குள் புதைந்துபோகும். முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. பிறகு புது மட்டைகள் வெளிறிப் பிறக்கும், சிறுத்துப் பிறக்கும்; இரும்பும் மாங்கனீசும் போதவில்லை என்று உரம் வாங்கிப் போடுவோம். குறை உரத்தில் இல்லை, நட்ட ஆழத்தில் இருக்கிறது. பழைய மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நடுங்கள். மேலே தூக்கியும் நடக் கூடாது. வேர்விடும் பகுதி வெளியே தெரிந்தால் காய்ந்துவிடும். பெயர்ப்பதற்கு முன் தண்டுகளில் மண்மட்டத்தை வண்ணச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவைத்தால் நடும்போது வாக்குவாதம் இருக்காது.

சாயாமல் இருக்க முட்டுக்கால் கொடுங்கள். தண்டைக் கோணிப்பையால் சுற்றி, அதன்மேல் மரச்சட்டங்களை வைத்து வார்கட்டி, முட்டுக்காலை அந்தச் சட்டத்தில்தான் ஆணியடிக்க வேண்டும். தண்டில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது. பனைக்குப் பட்டை மூடி ஆறும் காயம் என்பதே கிடையாது. இறங்கிய ஆணியின் துளை கடைசிவரை துளைதான். அந்தத் துளையின் வழியே பூஞ்சணம் நுழையும். காயத்தின் மணத்திற்கு, பனைத் தண்டைக் குடையும் செங்கூன் வண்டும் வந்து முட்டையிடும். இந்த வேலை நடக்கும் நாள்களில் அந்த வண்டைப் பற்றி நான் எப்போதும் அஞ்சுவேன்.

பூமலை நடையன் | அக்டோபர் 5

குளத்தைப் பற்றி ஒரு சொல். இந்தப் பனை, தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ, தென் தாய்லாந்து ஆகிய இடங்களின் தாழ்நிலக் கரிச்சதுப்புக் காடுகளில் இயல்பாக வளர்வது. பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில்) இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். 1859-இல் தொடங்கிய அந்தத் தோட்டம் தன் சின்னத்திலேயே இந்தப் பனையைத்தான் வைத்திருக்கிறது. நான் வாரந்தோறும் அங்கே நடப்பவன். நீர்நிலையின் ஓரத்தில் நிற்கும் தூர்கள் எவ்வளவு செழிப்பாக இருக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் அவை சிறு கன்றிலிருந்து அந்த ஈரத்திலேயே வேர்விட்டு வளர்ந்தவை. ஈர நிலப் பனைகளின் வேருக்குள் காற்று இறங்கும் வழிகள் உண்டு. அந்த வழி முழு வேருக்குத்தான் உதவும். நறுக்கிய வேரைச் சிமெண்டுத் தொட்டியில் தேங்கும் நீருக்குள் வைத்தால் அது அழுகத்தான் செய்யும். ஈரம் என்பது வேறு, தேக்கம் என்பது வேறு.

மேலும் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்புத் தன்மையைக் குறைக்கும். சதுப்புக் காட்டு மண்ணோ நல்ல புளிப்புள்ளது. இந்தக் குளத்தை இடித்து, சிமெண்டுத் துண்டுகளை ஒன்றுவிடாமல் அள்ளி வெளியேற்றிய பிறகுதான் அந்த இடத்தை இந்தப் பனைக்குக் கொடுக்கலாம்.

ஈரமண் | அக்டோபர் 5

அக்கா, பிளக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். நாங்கள் பிளந்து பட்டவர்கள் என்பதால் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஈசூனில் என் மாமியாரின் வீட்டிலிருந்து பதினொரு தண்டுள்ள இதே பனையை எங்கள் வீட்டிற்கும் கொழுந்தனார் வீட்டிற்கும் பங்கிட விரும்பி, ஒப்பந்தக்காரர் ஒருவர் சொன்னபடி மூன்று பங்காகப் பிளந்தோம். மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு பார்த்தேன். மேலே தனித்தனி மரமாக நின்ற தண்டுகள் அடியில் ஒன்றோடொன்று விரல் கோத்ததுபோல் பின்னியிருந்தன. ரம்பம் ஓடிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. வெட்டின் ஓரத்தில் நின்ற தண்டுகளுக்குக் கீழே, கைவிரலால் எண்ணக்கூடிய அளவே வேர் இருந்தது. முதல் மாதம் எல்லாம் பச்சையாகத்தான் நின்றன. இரண்டாம் மாதம் ஒரு குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அது எந்தத் தடையும் இல்லாமல் உறையிலிருந்து கத்தி வருவதுபோல் கையோடு வந்தது, அதன் நுனியில் அழுகிய மீன்போல் நாற்றம். பதினொன்றில் எங்களிடம் தேறியவை மூன்று. கொழுந்தனார் வீட்டுப் பங்கு முழுவதும் போய்விட்டது. மாமியார் அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அண்ணன் தம்பிக்கும் பங்கு வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. தூரின் வெளிவட்டத்தில் முழங்கால் உயரத்திற்கு மேல் வளர்ந்த பக்கக்கன்றுகளில், தனக்கென்று வேர்விட்டவை இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, தாயோடு இணையும் இடத்தை மட்டும் கூரான சிறு ரம்பத்தால் இப்போதே அறுத்து, பெயர்க்காமல் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்தில் அவை தம் வேரிலேயே நிற்கப் பழகிவிடும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். எல்லாம் பிழைக்கும் என்று எண்ண வேண்டாம். பழம் பழுத்திருந்தால் உதிர்ந்த கையோடு விதையையும் ஈரமான தட்டில் விதைத்துவிடுங்கள். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், வளர்ச்சியும் மெதுவானது. ஆனாலும் அப்பா நட்ட மரத்தின் விதை அது.

பிடோக்வாசி | அக்டோபர் 6

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒப்பந்தக்காரரையும் மாற்றிவிட்டேன். நேற்று மாலை தம்பியோடு போய் நான்கு கன்றுகளை ஈரமண் சொன்ன முறையில் அறுத்துவிட்டோம்.

பிடோக்கில் குளத்தைத் தட்டிப் பார்த்தபோது அடித்தளம் பத்து சென்டிமீட்டர் சிமெண்டு. உடைத்து எடுக்க ஆள் வருகிறார். அதற்குக் கீழே உள்ள மண் செம்பவாங் மண்ணைப்போல் இல்லை. அங்கே செக்கச்செவேலென்று பிசுபிசுக்கும் களி. இங்கே மணல் கலந்து, சாங்கோல் (மண்வெட்டி) போட்டால் கல்லைப்போல் இறுகியிருக்கிறது. தனியாக நல்ல மண் வாங்கிக் குழியை நிரப்பலாமா? அங்கே மாமர நிழலில் நின்ற மரம் இங்கே பிற்பகல் முழுவதும் மேற்கு வெயிலில் நிற்கும் என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. வேர்கள் வீட்டுச் சுவரையும் கழிவுநீர்க் குழாயையும் சேதப்படுத்துமா என்று என் கணவர் கேட்கிறார். ஜனவரி கடைசிவரை அவகாசம் இருப்பதால் பொங்கல் முடிந்து பெயர்க்கலாம் என்று எண்ணுகிறோம், அது சரியா?

மண்வெட்டி | அக்டோபர் 7

பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். நம் நாட்டில் டிசம்பரில்தான் மழை மிகுதி. நீண்ட காலச் சராசரி 330 மில்லிமீட்டருக்கு மேல். ஜனவரியிலும் மழை உண்டு. பிப்ரவரியில் அது 105 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட பகுதி அது. ஜனவரி கடைசியில் நட்டால், வேரில்லாத மரம் நேராக வறண்ட காற்றில் போய் நிற்கும். டிசம்பர் முதல் வாரத்தில் நட்டால் வறட்சி வருவதற்குள் எட்டு வாரம் கிடைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது பக்கவேர் வெட்டு. தூரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி வட்டம் வரைந்து, அதில் பாதி வட்டத்தை மட்டும் இந்த வாரம் ஒரு மண்வெட்டி அகலத்தில், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டுங்கள். கையில் அகப்படும் வேர்களைக் கூரான கத்தியால் சீராக வெட்டிவிட்டு, பள்ளத்தை மக்கிய இலையும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். மற்றப் பாதியை நவம்பர் முதல் வாரத்தில் செய்யுங்கள். டிசம்பரில் முழுவதும் தோண்டும்போது அந்தத் தளர்ந்த மண்ணில் வெள்ளை நுனியோடு புது வேர்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றை ஈரச்சாக்கால் உடனே மூடிவிட வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் பட்டால் அந்த வெண்மை பழுப்பாகிவிடும். தோண்டும் பணிக்கு முன் அந்தக் கால்வாய் ஓரத்தில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றி: கிழக்குப் பகுதியில், பிடோக், தெம்பனிஸ், சாங்கி வட்டாரத்தில் பெரும்பாலும் பழைய வண்டல் படிவுதான். செம்பவாங்கில் கருங்கல் சிதைந்த செங்களி. நீங்கள் பார்த்த வேறுபாடு சரியானதே. குழிக்குள் மட்டும் உயர்ந்த மண்ணை நிரப்பினால் அது தொட்டியைப்போல் ஆகிவிடும். சுற்றியுள்ள இறுகிய மண் நீரை வாங்காது, குழிக்குள் தேங்கும், நீங்கள் உடைத்தெடுத்த சிமெண்டுக் குளமே மண்ணால் திரும்பக் கட்டப்பட்டதுபோல் ஆகும். எனவே தோண்டிய மண்ணையே நன்றாக உதிர்த்துப் போடுங்கள். அதைவிட முக்கியம், குழியைத் தாய்மண்ணைவிட இரு மடங்கு அகலமாக வெட்டுவது. ஆழம் தாய்மண்ணின் உயரமே போதும். அடி மண்ணைக் கிளறாதீர்கள், கிளறினால் பின்னர் மரம் அமிழும். நடுவதற்கு முன் ஒருநாள் மாலையில் குழியை நீரால் நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். நீர் அப்படியே நின்றால் ஒரு பக்கம் சரிவாக வடிகால் வெட்டிவிட வேண்டும். மண்ணை நிரப்பும்போது மிதிப்பதைவிட நீர் விட்டுவிட்டு நிரப்புவது நல்லது. காற்றுப் பொந்துகள் தாமாக மூடும்.

நீர் தேங்காமல் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே எடுத்துக்கொள்கிறது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வந்து பார்ப்பது ஒருபுறம் இருக்க, வீட்டில் உள்ளவர்களுக்கு டெங்கி வரக் கூடாது. மரத்தைச் சுற்றிக் கட்டும் பாத்தியில் நீர் அரை மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். விழுந்த மட்டைகளின் குழிவான அடிப்பகுதியில் மழைநீர் நிற்கும், அவற்றை அன்றன்றே அகற்றுங்கள்.

உங்கள் கணவரின் கவலைக்கு: பனை வேர் பருக்காது என்பதால் சுவரை நெம்பித் தள்ளாது. ஆனால் கழிவுநீர்க் குழாய்க்கு நேர் மேலே நட வேண்டாம். வேரைவிட, நாளை அந்தக் குழாயைப் பழுதுபார்க்கத் தோண்டினால் மரம் மறுபடியும் வெட்டுப்படும். மேற்கு வெயிலுக்கு நான்கு கம்பு நட்டு, பாதி வெயிலை மறைக்கும் நிழல் வலையை மூன்று மாதம் கட்டுங்கள். பிறகு மாலை வெயில் பழகப் பழக வலையைச் சிறிது சிறிதாக விலக்கலாம். நல்ல வெளிச்சத்தில் மட்டையின் சிவப்பு இன்னும் துலங்கும்.

உரம் வேண்டாம். புது மட்டை ஒன்று முழுதாக விரியும்வரை எந்த உரமும் வேண்டாம். வேரில்லாத மரத்திற்கு உரம் உப்பாகத்தான் போய்ச் சேரும். அதன்பின் பொட்டாசியமும் மக்னீசியமும் மிகுந்த, மெதுவாகக் கரையும் பனை உரம் இடுங்கள்.

மரம் பிடித்துவிட்டதா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். நட்ட அன்றே ஒவ்வொரு குருத்திலும், அதை ஒட்டி நிற்கும் மட்டைக்காம்பின் மேல்விளிம்புக்கு நேராக, அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். குருத்து வளர்ந்தால் கோடு மேலே ஏறும். மட்டைகள் காய்வதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழைய மட்டை காயத்தான் செய்யும். கோட்டை மட்டும் பாருங்கள்.

பிடோக்வாசி | மார்ச் 16

மண்வெட்டி ஐயாவுக்கும் ஈரமண், பூமலை நடையன் இருவருக்கும் நிலவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டிசம்பர் 6 அன்று பெயர்த்தோம். பக்கவேர் வெட்டிய பள்ளத்தில் நீங்கள் சொன்ன வெள்ளை நுனிகள் இருந்தன, பென்சில் பருமனில். அக்டோபரில் வெட்டிய பாதியில் நிறையவும், நவம்பரில் வெட்டிய பாதியில் குறைவாகவும். சாக்கை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தோம். நல்ல மழை பெய்ததால் பிடோக்கில் லாரி அரை நாள் தாமதமாயிற்று. தாய்மண்ணின் ஒரு மூலை மட்டும் லாரியில் இருந்து இறக்கும்போது உதிர்ந்துவிட்டது. வண்ணக் கோட்டின் மட்டத்திலேயே நட்டோம். மழை இல்லாத நாள்களில் காலையும் மாலையும் நீர் விட்டேன்.

ஏழு வாரம் எந்தக் கோடும் அசையவில்லை. அந்த நாள்களில் காலையில் முதல் வேலையாக அளவுகோலை எடுத்துக்கொண்டு போவேன். ஜனவரி 27 அன்று நடுவில் உள்ள உயரமான தண்டில் கோடு நான்கு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. நான் அளந்தது தவறோ என்று தம்பியை அழைத்து அளக்கச் சொன்னேன். அவனுக்கும் நான்குதான் வந்தது. இன்று ஏழு தண்டுகளில் கோடு ஏறிவிட்டது. அவற்றில் இரண்டில் புது மட்டை முழுதாக விரிந்துவிட்டது, சற்றுச் சிறியது, ஆனால் நல்ல பச்சை. மண் உதிர்ந்த மூலையில் நின்ற இரண்டு தண்டுகள் போய்விட்டன. குருத்து கையோடு வந்தது. அவற்றைத் தரையோடு அறுத்து, வண்டு வராமல் இருக்கக் கழிவை அன்றே அப்புறப்படுத்தினேன். தொட்டிக்கு மாற்றிய நான்கு கன்றுகளில் மூன்று நிற்கின்றன. ஒன்று தம்பியின் வீட்டிற்குப் போயிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. இரண்டு தண்டுகளில் மட்டை விரிந்துவிட்டதால் உரம் தொடங்கலாமா, அல்லது மற்ற ஐந்தும் விரியும்வரை பொறுக்க வேண்டுமா?

மண்வெட்டி | மார்ச் 16

பொறுத்திருங்கள், சகோதரி. மற்ற ஐந்தில் குறைந்தது மூன்றிலாவது மட்டை விரியட்டும். பிறகு பொதியில் சொன்ன அளவில் பாதி மட்டும், தண்டை ஒட்டாமல், தாய்மண்ணின் வெளிவிளிம்பில் தூவி நீர் விடுங்கள். முட்டுக்காலை ஜூன்வரை எடுக்க வேண்டாம்.